5 அடி மீன் தொட்டிக்கு வீட்டிலேயே மர ஸ்டாண்ட் அடிக்கலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான். மட்டக்களப்பு, கல்லடியில் கடலுக்குக் கிட்ட வீடு. 5 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்தில் 12 மில்லிமீற்றர் கண்ணாடித் தொட்டிக்கு ஓடர் கொடுத்துவிட்டீர்கள். பழைய வீட்டுக் கூரையைப் பிரித்தபோது இறக்கிய முதிரைக் கைமரங்கள் வளவில் அடுக்கிக் கிடக்கின்றன. அதிலே ஸ்டாண்டை நீங்களே அடிக்கலாமா, எத்தனை அங்குல மரம் போட்டால் பாரத்தில் உடையாது, அல்லது பேசாமல் இரும்பில் வெல்டிங் செய்து ஒட்டுவிப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். அடிக்கலாம். உங்களிடம் இருக்கும் மரமே போதும். ஆனால் “எத்தனை அங்குலம்” என்ற கேள்வியில் ஒரு பயம் இருக்கிறது, அது தவறான இடத்தில் நிற்கிறது. தொட்டியின் பாரம் நேர் கீழே அழுத்தி மரக்காலை நொறுக்குவது நடக்காத காரியம். ஸ்டாண்ட் கெடுவது நாலு வழியில்: ஒரு பக்கமாகச் சாய்ந்து மடிவது, பாரம் மரத்தில் நிற்காமல் ஆணியில் தொங்குவது, மேல்தளம் முறுகி இருப்பது, கீழே தண்ணீர் குடித்து உளுப்பது. மரத்தைத் தடிப்பாக்குவதால் இந்த நாலில் ஒன்றுகூடத் தீராது.

முதலில் பாரத்தைக் கணக்கிடுவோம். வெளி அளவை வைத்துப் பார்த்தால் 20 கன அடி, அதாவது ஏறத்தாழ 566 லீற்றர். கண்ணாடியின் தடிப்பையும் மேலே விடும் 2 அங்குல இடைவெளியையும் கழித்தால் உள்ளே நிற்பது 480 லீற்றர் அளவு. 2 அங்குலத்துக்கு மணல் போட்டால் அது கொஞ்சம் தண்ணீரை வெளியேற்றினாலும் மொத்தப் பாரத்தைக் கூட்டும். தண்ணீரும் மணலும் சேர்ந்து 530 கிலோ என்று வையுங்கள். கண்ணாடி ஒரு சதுர மீற்றருக்கு மில்லிமீற்றருக்கு இரண்டரைக் கிலோ. உங்கள் தொட்டியில் மூன்றரைச் சதுர மீற்றர் கண்ணாடி இருப்பதால் அது மட்டும் 100 கிலோவைத் தாண்டும். நாலைந்து கல் வைப்பீர்கள், மூடி வரும், விளக்கு வரும். ஸ்டாண்டின் மேல் 700 கிலோ; ஸ்டாண்டையும் சேர்த்தால் நிலத்தின் மேல் 800 கிலோ என்று எடுத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். இப்போது ஒரு காலைப் பாருங்கள். 4க்கு 2 மரத்தை அரிந்து சீவி எடுத்தால் கைக்கு வருவது மூன்றே முக்கால் அங்குலத்துக்கு ஒன்றே முக்கால் அங்குலம். வைரம் பாய்ந்த மரமானால், 20 அங்குல உயரத்தில் நிற்கும் அப்படி ஒரு கால் 2 தொன்னைப் பாதுகாப்பாக ஏற்கும். நாம் வைக்கப் போவது ஆறு கால். அதனால் அந்தப் பயத்தை விட்டுவிடலாம்.

காலை விட்டால் அடுத்தது மேல் சட்டத்தின் நீள மரங்கள். இங்கேதான் அளவு பேசும். முன்னும் பின்னும் போகும் இரண்டு நீள மரங்களும் ஆளுக்கு 350 கிலோவைச் சுமக்கின்றன. நடுவில் கால் இல்லாமல் இரண்டு முனையில் மட்டும் தாங்கினால் 4க்கு 2 மரம், நிமிர்த்தி வைத்தாலும், நடுவில் 4 மில்லிமீற்றர் அளவுக்குத் தொய்யும். அது முதல் நாள் தொய்வு. இறங்காத பாரத்தின் கீழே மரம் மாதக் கணக்கில் இன்னும் தொய்ந்துகொண்டே போகும், இரண்டு மடங்கானாலும் ஆச்சரியமில்லை. மரம் உடையாது, ஆனால் அதன் மேல் இருக்கும் கண்ணாடி வளையத் தெரியாத பொருள். நடுவில் ஒரு கால் கொடுத்துத் தாங்கலின் நீளத்தைப் பாதியாக்கினால் தொய்வு பாதியாகக் குறையும் என்று நினைக்க வேண்டாம், பதினாறில் ஒன்றாகிவிடும்: கால் மில்லிமீற்றர். முன்னால் திறப்பாக இருக்கட்டும் என்று நடுக்காலை விடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அப்படித்தான் வேண்டுமென்றால் 6க்கு 2 மரம் போடுங்கள், அப்போதும் ஒரு மில்லிமீற்றருக்கு மேல் தொய்யும். நடுக்காலோடு 4க்கு 2 என்பதே என் தெரிவு. எதைப் போட்டாலும் அகலமான பக்கம் செங்குத்தாக நிற்க வேண்டும். அதே மரத்தைப் படுக்கப் போட்டால் நாலு மடங்குக்கு மேல் வளையும்.

அளவுகளுக்கு வருகிறேன். மேலே ஒரு சட்டம், கீழே அதே மாதிரி ஒரு சட்டம், இடையில் கால்கள். ஒவ்வொரு சட்டத்துக்கும் 60 அங்குலத்தில் இரண்டு நீள மரமும், அவற்றுக்கிடையில் இருபதரை அங்குலத்தில் மூன்று குறுக்கு மரமும் வேண்டும். இரண்டு முனையிலும் ஒவ்வொன்று, நடுவில் ஒன்று. கால் ஆறும் 20 அங்குலம். எல்லாம் 4க்கு 2. கூட்டினால் 40 அடி. வெட்டுச் சேதத்துக்கும் முனை வெடிப்புக்கும் சேர்த்து 45 அடி மரத்தை ஒதுக்குங்கள். இதற்கு மேல் 2க்கு 2 மரத்தில் 27 அங்குலத் துண்டு ஆறு, அதற்கு 15 அடி. ஸ்டாண்டின் உயரம் இருபத்தேழரை அங்குலம் வரும். மேலே 18 மில்லிமீற்றர் பலகையும் 2 அடித் தொட்டியும் சேர்ந்தால் தொட்டியின் விளிம்பு நிலத்திலிருந்து நாலரை அடிக்குள் நிற்கும். ஒரு சின்ன முக்காலியில் ஏறினால் கை அடிமணலைத் தொடும். இதைவிட உயர்த்த ஆசைப்படாதீர்கள். உயரம் கூடக் கூடச் சாயும் விசை கூடும், சுத்தம் செய்வதும் கஷ்டம். வெட்டுவதற்கு முன் கடைக்காரரிடம் தொட்டியின் உண்மை வெளி அளவைக் கேளுங்கள். 5 அடி என்று சொல்லிச் செய்கிற தொட்டி அரை அங்குலம் கூடிக் குறைந்து வருவது வழக்கம். தொட்டி ஸ்டாண்டுக்கு வெளியே ஒரு நூல்கூட நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது.

காலை வைக்கும் விதத்தில் கவனம் வேண்டும். காலின் மூன்றே முக்கால் அங்குல அகலத்தை முன்பின்னாகத் திருப்பி வையுங்கள். அப்படி வைத்தால் ஒரே காலின் தலையில் நீள மரத்தின் முழுத் தடிப்பும் உட்காரும், மிச்சமிருக்கும் 2 அங்குலத்தில் குறுக்கு மரத்தின் முனையும் உட்காரும். இரண்டுமே மரத்தின் மேல் மரமாக நிற்கும். காலை நீளவாக்கில் திருப்பினால் குறுக்கு மரம் காற்றில் நின்று, நீள மரத்துக்கு அடித்த இரண்டு ஆணியில் தொங்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் காற்று காய்ச்சுகிறபோது மரம் சுருங்கும், மாரியில் ஊதும். 4 அங்குல அகலத்துக்கு அரை மில்லிமீற்றருக்குக் கிட்ட இப்படி வருடம்தோறும் போய் வரும். நீளவாக்கில் அசையாது என்றே சொல்லலாம். ஆணியில் தொங்கும் பாரம் இந்தப் போக்குவரத்தில் ஆணித்துளையை ஓவல் ஆக்கிவிடும். மரத்தில் நிற்கும் பாரத்துக்கு இதனால் எதுவும் ஆகாது. அந்த 27 அங்குல 2க்கு 2 துண்டு, சட்டத்தின் உள்மூலையில் மேலிருந்து கீழ் வரை போகிறது. இந்த அளவில் வெட்டினால் அது நீள மரத்தின் உள்முகத்தையும், குறுக்கு மரத்தையும், காலையும் மூன்றையும் ஒன்றாகத் தொட்டு நிற்கும். மூன்றுக்கும் திருகாணி இறக்கலாம். அது பாரம் ஏற்காது, எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிப் பிடிக்கும். மேல்பலகையைத் தொடாமல் கால் அங்குலம் பதித்து நிறுத்துங்கள்.

துளை போட்டு நாக்கு இறக்கி அடிக்கத் தெரிந்த ஓடாவியார் ஒருவர் பக்கத்தில் இருந்தால் இந்த 2க்கு 2 இல்லாமலே இதைவிட அழகாக முடித்துத் தருவார். அப்படிச் செய்வித்தாலும் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: நாக்கின் தோள் முழுவதும் காலின் மேல் உட்கார வேண்டும், நாக்கு மட்டும் பாரம் தாங்கக் கூடாது.

திருகாணி மூன்று அங்குலத்தில் 70 அளவு போகும், நீள மரத்திலிருந்து குறுக்கு மரத்தின் முனைக்குள் இறக்க நாலு அங்குலத்தில் 24. துருப்பிடிக்காத உருக்கில் வாங்குங்கள். கல்லடியில் உப்புக் காற்றும் தொட்டியின் ஈரமும் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் இந்தச் செலவை மிச்சம் பிடிக்கக் கூடாது. சீலிங் பலகைக்கு அடிக்கிற கறுப்புத் திருகாணி மலிவு, எங்கும் கிடைக்கும், அது வேண்டாம். வளையாமல் பட்டென்று தலை முறியும், சீக்கிரம் துருவும் பிடிக்கும். முதிரைக்கும் பாலைக்கும் துளை போடாமல் திருகாணி இறக்க முயன்றால் ஒன்றில் மரம் பிளக்கும், இல்லாவிட்டால் ஆணி முறியும். மேல் மரத்தில் ஆணி தாராளமாக நுழையும் துளை, கீழ் மரத்தில் ஆணியின் மரைக்குச் சற்றுச் சிறிய துளை, 8ஆம் நம்பர் ஆணிக்கு 3 மில்லிமீற்றர். மேல் மரத்தின் துளையும் இறுக்கமாக இருந்தால் இரண்டு மரமும் ஒன்றையொன்று இழுத்து ஒட்டாது, இடையில் ஒரு முடி இடைவெளி நின்றுவிடும். மரையில் கொஞ்சம் சவர்க்காரம் தேய்த்து இறக்கினால் கை நோகாது. சாதாரண வெள்ளை மரப்பசை ஈரத்தில் இளகும், அதனால் தண்ணீர் தாங்கும் பசை என்று கேட்டு வாங்குங்கள், அல்லது இரண்டு குழம்பு கலக்கும் எபொக்சி.

இனிச் சாய்வு. நான் சொன்ன நாலு கேடுகளில் இதைத்தான் பலர் மறக்கிறார்கள். நாலு கால் மேசையின் மேல் 700 கிலோவை வைத்துவிட்டு ஒரு பிள்ளை ஓடி வந்து மோதினால் பாரம் கீழ்நோக்கி மட்டும் அழுத்தாது. முழு ஸ்டாண்டும் நீள்சதுரத்திலிருந்து சாய்சதுரமாக மடியப் பார்க்கும். ஆணி மூட்டுகள் எத்தனை இருந்தாலும் அதைப் பிடிக்க மாட்டா. பிடிப்பது பலகை. 12 மில்லிமீற்றர் பிளைவூட் 8க்கு 4 ஷீட் ஒன்றை எடுத்து நீளவாக்கில் 24 அங்குலம் என்று இரண்டாகப் பிளந்தால், வாள் தின்றது போக இருபத்துமூன்றே முக்கால் அங்குல உயரமான இரண்டு பட்டை வரும். ஒன்றில் 60 அங்குலப் பின்பலகையும் 24 அங்குலப் பக்கப்பலகை ஒன்றும், மற்றதில் அடுத்த பக்கப்பலகை. மிச்சத்தில் உள்ளே அடித்தட்டு போடலாம். மேற்சட்டத்துக்கும் கீழ்ச்சட்டத்துக்கும் இடையில் 20 அங்குலம்தான் என்பதால் பலகை மேலும் கீழும் ஏறத்தாழ 2 அங்குலம் சட்டத்தின் மேல் ஏறிப் படியும். பசை பூசி, 4 அங்குலத்துக்கு ஒரு ஆணி என்று சுற்றிவர அடியுங்கள். வெளிப்பக்கம் அடிப்பதால் நீளம் 61 அங்குலமாகும். அதனால்தான் மேல்பலகையை 61க்கு 25 வெட்டச் சொல்வது. பில்டர் குழாய்க்காகப் பின்பலகையில் துளை வெட்டும்போது ஓரத்திலிருந்து 4 அங்குலமாவது உள்ளே வெட்டுங்கள். பின்பலகையின் பாதியை வெட்டி எறிந்துவிட்டு “காற்றோட்டம்” என்று சொல்வது, வைத்த பிடியையே கழற்றி எடுப்பதற்குச் சமன்.

முதிரையைப் பற்றி. நல்ல முடிவு. பாரமான, கெட்டியான, வைரத்தில் கறையான் எளிதில் ஏறாத மரம். பல வருடம் கூரையில் காய்ந்திருப்பதால் இனி முறுக்க அதில் பெரிதாக ஒன்றுமில்லை. புதிதாக மரக்காலையில் வாங்கும் தேக்குக்குக்கூட இந்த உறுதியை நான் தரமாட்டேன், ஏனென்றால் காய்ந்த தேக்கு என்று தருவது எப்போதும் காய்ந்திருப்பதில்லை. ஆனால் உங்கள் கைமரங்களில் மூன்றைப் பாருங்கள். ஆணி: உள்ளே முறிந்து நிற்கும் ஒரு பழைய ஆணி, சீவும் மெஷினின் அலகைக் கெடுத்து ஆளையும் காயப்படுத்தும், காந்தத் துண்டு ஒன்றை மெல்ல ஓட்டினால் காட்டிக்கொடுக்கும். உளு: ஓரத்து வெளிர் மஞ்சள் பாகத்தில் குண்டூசித் துளையும் மாவும் தெரிந்தால் அந்தப் பாகத்தைச் சீவி எறியுங்கள், வைரத்துக்குள் போகாமல் இருந்தால் மரம் நல்லதே. இத்த முனை: ஓட்டின் கீழே சுவரில் பதிந்திருந்த முனைகள் ஒரு அடி வரை இத்துப்போய் இருக்கலாம். கத்தி நுனியால் குத்துங்கள். நல்ல மரத்தில் நுனி நிற்கும், இத்த மரத்தில் அப்பம்போல இறங்கும்.

மரம் போதாமல் வெளியே வாங்க நேர்ந்தால் தேக்கு, பாலை, மகோகனி, பலா எதுவும் சரி. பாலை முதிரையையும் விடக் கெட்டி, அரிவதே பாடு. பனையும் தென்னையும் இந்த வேலைக்கு வேண்டாம். வெளிப்பட்டை இரும்புபோல இருந்தாலும் உட்பாகம் மெத்து, திருகாணி பிடிக்காது. வாங்கிய மரம் காய்ந்ததா என்று அறிய ஒரு எளிய வழி உண்டு. நடுவிலிருந்து ஒரு அங்குலத் துண்டை வெட்டிச் சமையலறைத் தராசில் நிறுத்து, கிராமை அதிலேயே எழுதி நிழலில் வையுங்கள். வாரத்துக்கு ஒருமுறை நிறுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து நிறை மாறாவிட்டால் மரம் இங்குள்ள காற்றோடு சமன்பட்டுவிட்டது. சின்னத் துண்டு பெரிய மரத்தைவிட விரைவாகக் காயும் என்பதால், அது முதல் நாளைவிட எவ்வளவு குறைந்தது என்பதுதான் சேதி. நூற்றுக்குப் பத்துக்கு மேல் குறைந்தால் அந்த மரத்தை இடையில் சலாகைத் துண்டு வைத்து அடுக்கி இன்னும் சில மாதம் விடுங்கள். மாரியில் தொடங்காமல் கச்சான் காலத்தில் தொடங்கினால் இந்தக் காத்திருப்பு பாதியாகும்.

இரும்பைப் பற்றிக் கேட்டீர்கள். பெட்டி இரும்பில் ஒட்டிய ஸ்டாண்ட் பலமானதுதான், சாய்வும் அதில் குறைவு. ஒட்டும்போது சூட்டில் சட்டம் முறுகும் என்பதும், பெட்டிக் குழாயின் உள்பக்கத்துக்குப் பூச்சு போகாது என்பதும் அதன் குறை. கடலுக்கு இவ்வளவு கிட்ட, வெளியே பளபளவென்று இருக்கும் கால் உள்ளிருந்து துருவித் தின்னப்படுவது தெரியாது. மரம் கெடும்போது நிறம் மாறும், மணக்கும், குத்தினால் இறங்கும். உங்கள் இடத்துக்கு மரத்தையே சொல்வேன். அம்பாறைப் பக்கம் உள்நாட்டில் இருப்பவர் கேட்டிருந்தால் இரண்டும் ஒன்று என்றிருப்பேன்.

மேல்பலகை 18 மில்லிமீற்றர் மரைன் பிளைவூட். சிப் போர்டும் எம்டிஎப்பும் ஒருமுறை ஈரம் குடித்தால் ஊதிப் பிட்டாகிவிடும், பிறகு திரும்பாது. மரைன் என்று எழுதி விற்பதெல்லாம் மரைன் ஆகாது. கையளவு துண்டைக் கொதிநீரில் ஒரு மணித்தியாலம் போட்டுப் பாருங்கள், அடுக்குகள் பிரியாவிட்டால் நம்பலாம். பலகை சட்டத்தில் எல்லா இடமும் படிய வேண்டும். இங்கே முறுகலைக் கண்டுபிடிக்க நீர்மட்டத்தைவிட நூல் நல்லது. நாலு மூலையிலும் ஒரே உயரத்தில், ஒரு சென்ரிமீற்றர் வெளியே நிற்க, சின்ன ஆணி அடியுங்கள். தையல் நூலை ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு விறைப்பாகக் கட்டுங்கள். அடுத்த நூலை மற்ற இரண்டு மூலைக்கும், முதல் நூலுக்கு மேலாக. நடுவில் இரண்டும் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். இடையில் வெளிச்சம் தெரிந்தால் அந்த இடைவெளியைப்போல இரண்டு மடங்கு ஒரு மூலை எழும்பியோ தாழ்ந்தோ நிற்கிறது. மேல் நூலைக் கீழாக மாற்றி இன்னொரு முறை பாருங்கள். முதல் தடவை ஒன்றையொன்று அழுத்தி மறைத்த முறுகல் இரண்டாம் தடவை வெளியே வரும். ஒரு மில்லிமீற்றருக்குள் மூலை நின்றால் விடலாம். அதைத் தாண்டினால் மேட்டைச் சீவி இறக்குங்கள். சட்டம் மூலை சரியாக இருக்கிறதா என்பதற்கு மூலைமட்டத்தோடு குறுக்களவும் பாருங்கள்: 60க்கு 24 சட்டத்தில் மூலைக்கு மூலை 64⅝ அங்குலம், இரண்டு பக்கமும் ஒன்றாக.

முறுகலுக்கும் சரிவுக்கும் வித்தியாசம் இருக்கிறது, பலர் சரிவுக்குத்தான் பயப்படுகிறார்கள். முழுத் தொட்டியும் 5 அடிக்கு 3 மில்லிமீற்றர் ஒரு பக்கம் சரிந்தால் தண்ணீர்க் கோடு அசிங்கமாகத் தெரியும், கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது. ஒரு மூலை மட்டும் 3 மில்லிமீற்றர் தாழ்ந்தால் கண்ணாடி முறுகும், சிலிக்கன் ஒட்டு இழுபடும், அல்லது அடிக்கண்ணாடி ஒரு நாள் மூலையில் கீறும். ஆப்பு வைக்க வேண்டி வந்தால் கீழ்ச்சட்டத்துக்கும் நிலத்துக்கும் இடையில் வையுங்கள், கால் நேர் கீழே. தொட்டிக்கும் பலகைக்கும் இடையில் ஆப்பு வைக்கவே கூடாது.

தொட்டியின் அடியில் ரெஜிபோம் (தெர்மோகோல்) ஷீட் போடலாமா என்பதில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அடிக்கண்ணாடி முழுவதும் தட்டையாகப் பலகையில் படியும் தொட்டியானால் அரை அங்குல ரெஜிபோம் நல்லது. ஒரு மணல் பருக்கை கண்ணாடியின் கீழே அகப்பட்டால் அது அதை விழுங்கிக்கொள்ளும். அடிக்கண்ணாடி பக்கக் கண்ணாடிகளுக்கு உள்ளே சற்று உயர்ந்து ஒட்டப்பட்டிருந்தால், அல்லது சுற்றிவர விளிம்புச் சட்டம் இருந்தால் போட வேண்டாம். ரெஜிபோம் நடுவில் மேல்நோக்கித் தள்ளும். தொட்டி வந்ததும் திருப்பி அடியைப் பாருங்கள். ரெஜிபோம் முறுகலை மறைக்குமே தவிர நீக்காது, எனவே நூல் பார்க்காமல் அதை நம்ப வேண்டாம்.

நிலத்தைப் பற்றி நான் உறுதியாகச் சொல்லக்கூடியது குறைவு, அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கரையோர வீடுகளின் சீமெந்து நிலம் மணல் நிரப்பின் மேல் போட்டது. நன்றாக இறுக்கிப் போட்டிருந்தால் தரைத்தளத்தில் 800 கிலோ பிரச்சினையில்லை. ஸ்டாண்ட் நாலு சின்னக் காலில் நிற்காமல் கீழ்ச்சட்டம் முழுவதும் நிலத்தில் படிவதும் இதற்காகத்தான். டைல்ஸ் நிலமானால் ஒரு காசால் தட்டிப் பாருங்கள். டொக்கென்று வெற்றுச் சத்தம் வரும் டைல் கீழே சாந்து இல்லாதது, மூலைக்கால் அதில் வந்தால் கீறும். இடத்தை மாற்றுங்கள். மாடி வீட்டில் மேல்தளத்தில் வைப்பதானால் என் பதில் செல்லாது: இந்தத் தொட்டி தன் அடியில் சதுர மீற்றருக்கு 800 கிலோவுக்கு மேல் இறக்குகிறது, வீட்டுத் தளம் அதில் ஒரு சிறு பங்குக்குத்தான் போடப்படும். கட்டடப் பொறியியலாளர் ஒருவர் தளத்தைத் தாங்கும் வளையின் (பீம்) இடத்தைப் பார்த்துச் சொல்லட்டும். மாரியில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறும் இடமானால், 2011 ஜனவரி வெள்ளத்தில் உங்கள் நிலத்தில் எவ்வளவு நின்றது என்று வீட்டாரிடம் கேட்டு, அந்த உயரத்துக்குச் சீமெந்துத் திண்ணை ஒன்று கட்டி அதன் மேல் ஸ்டாண்டை வையுங்கள். அப்படிக் கட்டினால் காலைக் குறைத்து வெட்ட மறக்காதீர்கள்.

பூச்சில் ஒரே ஒரு இடத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்: மரத்தின் வெட்டு முனைகள். தண்ணீர் பக்கத்தால் குடிப்பதைவிட முனையால் பல மடங்கு வேகமாகக் குடிக்கும். பொருத்துவதற்கு முன்பே ஒவ்வொரு முனைக்கும் நீர்த்த வார்னிஷ் மூன்று தடவை, பிளைவூட்டின் ஓரங்களுக்கும் அப்படியே. பசை பூசும் இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள். பிறகு உள்ளும் புறமும் பொலியூரிதேன் இரண்டு பூச்சு. கீழ்ச்சட்டத்துக்கும் சீமெந்துக்கும் இடையில் 3 மில்லிமீற்றர் றப்பர் பட்டி போட்டால் நிலத்து ஈரம் ஏறாது. பூசிய பிறகு ஒரு வாரம் கதவைத் திறந்து வையுங்கள். காற்றுப் பம்பை ஸ்டாண்டுக்குள் வைப்பீர்களானால் இது முக்கியம். பம்ப் உள்ளேயுள்ள காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் விடுகிறது, பூச்சின் மணமும் அதோடு போகும்.

தொட்டியை ஏற்றுவதற்கு முன் ஸ்டாண்டைச் சோதியுங்கள். சீமெந்து மூட்டை 50 கிலோ. வீடு கட்டும் ஒருவரிடம் 14 மூட்டையை ஒரு நாளைக்கு இரவல் வாங்கி மேலே பரவலாக அடுக்கினால் 700 கிலோ. அடுக்குவதற்கு முன் மேற்சட்டத்தின் நீள மரத்துக்குக் கீழே முனைக்கு முனை நூல் கட்டி, கால்களுக்கிடையில் நூலுக்கும் மரத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்து எழுதுங்கள். 24 மணித்தியாலம் கழித்து மறுபடி அளவுங்கள். அரை மில்லிமீற்றருக்குள் நின்றால் நல்லது. ஒரு மில்லிமீற்றரைத் தாண்டினால் ஏதோ ஒரு காலின் தலை சரியாகப் படியவில்லை; மூட்டையை இறக்கி அந்தக் காலில் கடதாசி ஒன்றை நுழைத்துப் பாருங்கள், நுழைந்தால் அதுதான் இடம். பாரம் மேலே இருக்கும்போதே ஒரு மூலையில் கையை வைத்து மெல்லத் தள்ளிப் பாருங்கள். ஸ்டாண்ட் மொத்தமாக நிற்க வேண்டும். கிறீச்சென்று சத்தம் வந்தால் பலகை ஆணி போதாது.

தொட்டியை வைத்த பிறகும் ஒரேயடியாக நிரப்ப வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு, ஒரு இரவு. இன்னொரு பங்கு, இன்னொரு இரவு. ஒவ்வொரு முறையும் தண்ணீர்க் கோடு நாலு மூலையிலும் விளிம்பிலிருந்து எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று அளந்தால் நீர்மட்டமே தேவையில்லை, தண்ணீரே மட்டம் காட்டும். ஒரு மூலையின் அளவு மற்ற மூலைகளைவிட ஒவ்வொரு தடவையும் குறைந்துகொண்டு போனால் நிறுத்துங்கள், அங்கே நிலம் இறங்குகிறது. சுவரிலிருந்து 4 அங்குலம் விட்டு வையுங்கள், குழாய்க்கும் கறையான் மண் ஏறுகிறதா என்று பார்ப்பதற்கும். வயர்கள் பிளக்குக்குப் போகும் முன் பிளக்கைவிடக் கீழே தொங்கி வளைந்து பிறகு ஏறட்டும். வயர் வழியே இறங்கும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். வீட்டு ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

முன்கதவு இரண்டும் நடுக்காலின் இரண்டு பக்கமும் வரும். திறப்பு ஒவ்வொன்றும் 24 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடக் குறைய நிற்கும். கீழே சம்ப் தொட்டி (தண்ணீரை வடிகட்டும் துணைத் தொட்டி) வைக்கும் எண்ணம் இருந்தால் அது அந்தத் திறப்பால் நுழையுமா என்று முதலில் பாருங்கள். நுழையாதென்றால் ஒரு பக்கப்பலகையை அடிப்பதற்கு முன் உள்ளே வைத்துவிட வேண்டும், பிறகு உடைக்காமல் எடுக்க முடியாது. கதவு இறுகுவது மாரியில்தான். சுற்றிவர 3 மில்லிமீற்றர் இடைவெளி விட்டுப் பொருத்துங்கள்.